கொல்லைப்புற அடுப்புக்கு எந்தக் கரி? வாடிக் கரி முதல் சிரட்டைக் கட்டி வரை

எங்கள் வீட்டுக் கொல்லையில் கம்பி வலை போட்ட இரும்பு அடுப்பு வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முழுவதும் அதில் சுட்ட கோழியில் மெல்லிய கசப்பு ஒன்று இருந்துகொண்டே இருந்தது. மஞ்சள் கூடிவிட்டதோ என்று குறைத்துப் பார்த்தோம். கடுகெண்ணெயை விட்டு நல்லெண்ணெய்க்கு மாறினோம். ஊறவைக்கும் நேரத்தையும் மாற்றிப் பார்த்தோம். ஒரு நாள் அடுப்பைத் துப்புரவு செய்யும்போது பாதி எரிந்து அணைந்து கிடந்த ஒரு துண்டை உடைத்துப் பார்த்தேன். வெளியே கருப்பாக இருந்த அந்தத் துண்டின் நடுவில், செம்பழுப்பு நிறத்தில், நார் நாராக மரம் அப்படியே இருந்தது. கசப்பின் ஊற்று அதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து இறைச்சி வாங்குவதில் காட்டும் கவனத்தைக் கரி வாங்குவதிலும் காட்டத் தொடங்கினேன். கடந்த ஓராண்டில் மதுரையில் கிடைக்கும் வெவ்வேறு வகைக் கரிகளை வாங்கி, ஒரே அடுப்பில், ஒவ்வொரு முறையும் 2 கிலோ நிறுத்துப் போட்டுச் சமைத்துப் பார்த்ததில் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விறகு வாடியில் மூட்டையாகவும் சில்லறையாகவும் கிடைக்கும் கரி. மதுரைக்கு வருவதில் பெரும்பகுதி சீமைக்கருவேலங்கரிதான். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் இதை மூட்டம் போட்டு எடுக்கிறார்கள். வெட்டிய மரத்தை நெருக்கமாக அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, அதன்மேல் ஈரமண்ணைப் பூசி, ஒரு துவாரம் வழியாகத் தீ வைத்துப் பல நாள்கள் காற்றைக் கட்டுப்படுத்தி வேகவைப்பார்கள். தொடக்கத்தில் கெட்டியான வெள்ளைப் புகை வரும். அது மரத்திலுள்ள ஈரம் வெளியேறுவதைக் காட்டும். பிறகு புகை மெலிந்து இலேசான நீலமாக மாறும்போது மூட்டத்தை அடைத்துக் குளிரவிடுவார்கள். அந்த நீலப் புகைக்காகக் காத்திருக்கும் பொறுமை மூட்டம் போடுபவருக்கு இருந்தால் நமக்குக் கிடைக்கும் கரி முதல்தரமானது. அவசரப்பட்டுப் பிரித்துவிட்டால் மரத்தின் எண்ணெயும் தாரும் முழுமையாக வெளியேறாமல் உள்ளேயே தங்கி, நம் அடுப்பில் வந்து புகைகின்றன. என் கோழி கசந்த கதை இதுதான்.

நல்ல கரியைக் கண்டுபிடிக்கும் வழியை எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அண்ணனிடம்தான் கற்றேன். "ரெண்டு துண்டை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாருங்க சார், சட்டி ஓடு மாதிரி சத்தம் வரணும்" என்றார். நன்றாக வெந்த கரி அப்படித்தான் ஒலிக்கிறது. வேகாததும் ஈரமானதும் மரக்கட்டையைப் போல மந்தமாக ஒலிக்கின்றன. உடைத்தால் உடைந்த முகம் பளபளக்க வேண்டும். எங்கும் பழுப்பு நிறம் தெரியக் கூடாது. பட்டை ஒட்டிய துண்டுகள் பற்ற வைத்ததும் வெடித்துப் பொறி பறக்கவிடும் என்பதால் குழந்தைகள் சுற்றி நிற்கும் வீட்டில் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. சுட்டுவிரல் பருமனுள்ள குச்சிக் கரி விரைவில் எரிந்து தீர்ந்துவிடுகிறது. அடிமரத்திலும் தூரிலும் எடுத்த கனமான துண்டுகள் தணலாவதற்கு நேரம் எடுத்துக்கொண்டாலும் நின்று எரிகின்றன. நான் முட்டை அளவிலிருந்து சிறிய தேங்காய் மூடி அளவு வரையுள்ள துண்டுகளைக் கலந்து பொறுக்கிக்கொள்கிறேன். வாடிக்காரர் முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரே ஒரு முறத்தை எடுத்து நீட்டுகிறார்.

சமைத்துப் பார்த்ததில் இந்தக் கரியின் பலம் அதன் வேகத்தில் இருக்கிறது. காய்ந்த விறகு ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 கிலோகலோரி வெப்பம் தரும் என்றால், நல்ல மரக்கரி 7,000 வரை தருகிறது. விசிறியால் நாலு வீசு வீசினால் தணல் சட்டென்று சிவந்து எழும்புவதும், விசிறியைக் கீழே வைத்தால் சற்று நேரத்தில் அடங்குவதும் கருவேலங்கரியில் மட்டும் நான் கண்ட குணம். சங்கரா மீனுக்கும், மெலிதாக நறுக்கிய ஆட்டுக்கறிக்கும் இதைவிடப் பொருத்தமான நெருப்பு எனக்குக் கிடைக்கவில்லை; தோல் முறுகி, உள்ளே ஈரம் வற்றாமல் எட்டு, ஒன்பது நிமிடங்களில் மீன் தயாராகிவிட்டது. இலேசான புகைமணமும் ஏறுகிறது. மத்திய, தென் அமெரிக்க நிலங்களிலிருந்து வந்து நம் கண்மாய்களையெல்லாம் அடைத்துக்கொண்ட மரம் இது. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது பலருக்கு நினைவிருக்கும். நல்ல நாட்டு மரம் எதையும் எரிக்கவில்லை என்பதும் இந்தக் கரியை வாங்கும்போது எனக்கு நிறைவைத் தருகிறது.

குறை இல்லாமல் இல்லை. எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் தெளித்த கரியை ஒரு கடையில் எனக்கு விற்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தபோது சாக்கின் அடிப்பகுதி ஈரமாகவே இருந்தது. இரண்டு நாள் மொட்டை மாடியில் காயவைத்து மறுபடி நிறுத்தேன், 10 கிலோவுக்குக் கொடுத்த பணத்தில் ஒரு கிலோவுக்கு மேல் தண்ணீருக்குப் போயிருந்தது. அதனால் சாக்கின் மேல்வாயை மட்டும் பார்க்காமல், அடியில் கைவிட்டுப் பார்த்துவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள்.

பல்பொருள் அங்காடிகளில் படம் போட்ட காகிதப் பையில் விற்கும் மரக்கரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாடிக் கரியைவிட ஏறக்குறைய இரு மடங்கு விலை கொடுத்து வாங்கிய 3 கிலோ பையைச் சலித்தபோது முக்கால் கிலோ தூளும் பொடித்துண்டுகளும் தேறின. தூள் காற்று போகும் வழியை அடைத்து நெருப்பை மூச்சுத் திணறவைக்கும். பை உலர்ந்திருந்தது என்பதை மட்டும் அதற்குச் சாதகமாகச் சொல்லலாம்.

என்னை உண்மையிலேயே வியக்கவைத்தது சிரட்டைக் கரிக் கட்டி. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கிப் பொடித்து, மரவள்ளி மாவுப் பசை சேர்த்து, அச்சில் அழுத்தி உலர்த்திய கட்டி இது. கரித்தூளைக் கட்டியாக்கும் முறை புதியதன்று. 1920களிலேயே ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் கார்களுக்கு அறுத்த மரத்தின் கழிவைக் கரியாக்கி இப்படிக் கட்டியாக விற்றது. சிரட்டைக் கட்டி பற்றுவதற்கு அரை மணி நேரம் பிடிவாதம் செய்கிறது. பற்றிய பிறகோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே சீராகக் கனல்கிறது. பொறி இல்லை, புகை மிகக் குறைவு, மிஞ்சுவது வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு பிடி நீறு மட்டுமே. முழுக்கோழியை ஒரு பக்கம் வைத்து, தணலை மறுபக்கம் ஒதுக்கி, மூடியைப் போட்டு ஒன்றேகால் மணி நேரம் வேகவைத்த அன்று, நடுவில் ஒரு முறைகூடக் கரி சேர்க்க வேண்டியிருக்கவில்லை. புகைமணம் வேண்டுவோருக்கு இது ஏமாற்றம் தரும். விசிறினாலும் சட்டென்று சூடு ஏறாது. வாங்கும்போது ஒரு கட்டியைக் கையால் அழுத்திப் பாருங்கள், ஓரம் உதிர்ந்தால் சரியாக உலராத சரக்கு. எரிந்தபின் சாம்பல் மண் நிறத்தில் அதிகமாக மிஞ்சினால் களிமண்ணோ வேறு நிரப்பியோ கலந்திருக்கிறது என்று ஐயப்படலாம்.

தீக்குச்சி உரசியதும் பற்றும் என்று விற்கப்படும் கரியை ஒரே ஒரு முறை வாங்கினேன். அதில் பூசியிருக்கும் எரிபொருளின் வாடை பனீரில் ஏறி, வீட்டில் யாருமே சாப்பிடவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தாலும் இதே கதிதான். இரண்டு பக்கமும் திறந்த தகரக் குழாயின் அடியில் செய்தித்தாளைக் கசக்கி வைத்து, மேலே கரியை நிரப்பிக் கொளுத்தினால் காற்று தானே மேலேறி இழுத்துக்கொள்ளும். 20 நிமிடத்தில் கருவேலங்கரி மேல்வரை நீறு பூத்துவிடுகிறது. பழைய எண்ணெய் டின்னில் அடியில் துளையிட்டு நானே செய்த குழாய்தான் என்னுடையது. கரி வெண்ணீறு பூப்பதற்கு முன் எதையும் கம்பியில் வைக்காதீர்கள். கம்பிக்கு மேலே அரைச் சாண் உயரத்தில் உள்ளங்கையை நீட்டி இரண்டு, மூன்று விநாடிகளுக்குமேல் பொறுக்க முடியவில்லை என்றால் மீனுக்கு ஏற்ற சூடு. ஐந்து, ஆறு விநாடி பொறுக்க முடிந்தால் கோழித் தொடைக்கு ஏற்ற சூடு.

எந்தக் கரியானாலும் எரியும்போது மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. மழை வந்துவிட்டது என்று எரியும் அடுப்பைக் கூடத்துக்குள் தூக்கி வராதீர்கள். அடங்கிய தணலையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள். உயிர் போகும் காரியம் இது.

இப்போது எங்கள் வீட்டில் மூடி போட்ட இரண்டு டிரம்கள் இருக்கின்றன. ஒன்றில் வாடியில் பொறுக்கிய 10 கிலோ கருவேலங்கரி, மற்றொன்றில் 5 கிலோ சிரட்டைக் கட்டி. மீனுக்கும் கத்தரிக்காய்க்கும் மக்காச்சோளத்துக்கும் முதல் டிரம்மைத் திறக்கிறோம். முழுக்கோழிக்கும் உறவினர் கூட்டமாக வரும் நாளுக்கும் இரண்டாவதை. ஒன்றை மட்டும் வாங்க இடமும் பணமும் உள்ளவர்கள் கருவேலங்கரியை வாங்குங்கள், ஐப்பசி மழை தொடங்கும் முன்னரே வாங்கி மூடிவையுங்கள். அதற்குப் பிறகு வாடிக்கு வரும் சரக்கில் ஈரம் ஏறியிருக்கும்.