குஸ்னெத்சோவ் தேநீர்க் கோப்பை: ஆறு மாதம் தினமும் குடித்த பிறகு

மாஸ்கோவில் பழைய பீங்கான் வாங்க ஆசைப்பட்டு யாரிடம் விசாரித்தாலும் முதலில் காதில் விழும் பெயர் குஸ்னெத்சோவ். நான் வாங்கியது ஒரு கோப்பையும் அதற்கான தட்டும். இங்கே இதைச் 'சாய்னயா பாரா' என்பார்கள், தேநீர் ஜோடி என்று அர்த்தம். புரட்சிக்கு முந்தைய சரக்கு, துல்யோவோ ஆலையில் செய்தது. இஸ்மாய்லோவோ சந்தையில் ஒரு சனிக்கிழமை காலை, ஓய்வுபெற்ற ஒரு அம்மாவிடம் 4,500 ரூபிளுக்கு வாங்கினேன். அவர் கேட்டது 5,000. ஆறு மாதமாகக் காலைத் தேநீர் இதில்தான். அலமாரியில் பூட்டி வைக்க வாங்கவில்லை, அதனால் இதை ஒரு புழங்கும் பொருளாக வைத்தே எழுதுகிறேன்.

முதலில் கோப்பையைப் பற்றி. வெளிப்பக்கம் முழுக்க அடர்ந்த கோபால்ட் நீலம், நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, அதற்குள் ஒரு ரோஜா. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் முழு ரோஜா, கண்ணருகே கொண்டுவந்தால் நாலைந்து தூரிகை வீச்சு, அவ்வளவுதான். ஒவ்வொரு இதழும் ஒரே இழுப்பில் வந்தது. தூரிகையை அழுத்திய இடத்தில் சிவப்பு கனத்தும், தூக்கிய இடத்தில் நீர்த்தும் இருக்கிறது. துல்யோவோவின் இந்த வேகமான, கொழுத்த பூ வரையும் பாணிக்கு 'அகாஷ்கா' என்று பெயர். கிராமத்து வீடுகளுக்கும் சந்தைகளுக்கும் போகிற மலிவான பாத்திரத்தில் ஒரு பூவுக்கு அதிக நேரம் செலவழிக்க முடியாது, அதனால் கை அப்படிப் பழகிவிட்டது. அந்த அவசரத்தில் வந்த அழகு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, மெனக்கெட்டு வரைந்த நுணுக்கமான ரோஜாக்களைவிடவும்.

விளிம்பில் தங்கப் பூச்சு. அது சுற்றிலும் சமமாகத் தேயவில்லை. கைப்பிடியை வலது பக்கம் வைத்துப் பிடித்தால் உதடு படும் இடத்தில் மட்டும், இரண்டு விரல் அகலத்துக்குத் தங்கம் போய் வெறும் வெள்ளை தெரிகிறது. இதில் குடித்தவர்கள் எல்லோருமே வலது கையால் பிடித்திருக்கிறார்கள், நூறு வருஷத்துக்கும் மேலாக ஒரே இடத்தில் வாய் வைத்திருக்கிறார்கள். இப்போது நானும் அதே இடத்தில்தான் வைக்கிறேன். விற்பவர்கள் இதைக் குறை என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். எனக்கு இந்தக் கோப்பையில் மிகவும் பிடித்த இடமே அதுதான்.

சரி, முத்திரை. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் இரட்டைத் தலைக் கழுகு, அதைச் சுற்றி 'எம். எஸ். குஸ்னெத்சோவா' என்று ரஷ்ய எழுத்து. நான் முதலில் இதை ஒரு பெண்ணின் பெயர் என்றே நினைத்தேன். ரஷ்ய மொழியில் ஆணுக்குக் குஸ்னெத்சோவ், பெண்ணுக்குக் குஸ்னெத்சோவா என்பது தெரிந்திருந்ததால் வந்த குழப்பம். அந்த அம்மாதான் சிரித்துக்கொண்டே திருத்தினார்: "பெண் இல்லை, இது வேற்றுமை உருபு. குஸ்னெத்சோவுடைய கூட்டு நிறுவனம் என்று எழுதியிருக்கிறது." அந்த 'உடைய'தான் கடைசி 'ஆ'. புதிதாக வாங்குபவர்களில் பலர் இதில் தடுக்கி விழுவார்களாம், வேறு யாரோ ஒரு சீமாட்டியின் ஆலை என்று நினைத்து நல்ல பொருளை விட்டுவிட்டுப் போவார்களாம்.

'குஸ்னெத்ஸ்' என்றால் கொல்லர். குஸ்னெத்சோவ் என்றால் கொல்லர் வீட்டுப் பிள்ளை. ஊருக்கு ஒரு உலைக்களமாவது இருந்த நாட்டில் இந்தப் பெயர் எங்கும் பரவியதில் வியப்பில்லை. ஸ்மிர்னோவ், இவானோவ் ஆகியவற்றோடு சேர்த்து ரஷ்யாவில் மிக அதிகமாகக் காணப்படும் குடும்பப் பெயர்களில் ஒன்று இது. தெற்கே கொல்லருக்குக் 'கோவால்' என்ற சொல் புழங்குவதால் அங்கே அதே பிள்ளை கோவல்யோவ் ஆகிவிடுகிறார். மாஸ்கோவிலேயே குஸ்னெத்ஸ்கி மோஸ்த் என்றொரு தெருவும் மெட்ரோ நிலையமும் உண்டு, அதுவும் கொல்லர் பாலம்தான்.

இந்தக் கோப்பையின் குஸ்னெத்சோவ்களுக்கு அந்தப் பெயர் வெறும் பெயராக இல்லை. குடும்பத்தின் மூத்தவர் யாகோவ் உண்மையிலேயே கொல்லர், மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே க்ஜேல் வட்டாரத்துக்காரர். க்ஜேல் களிமண்ணுக்குப் பேர்போன ஊர்க்கூட்டம், சுற்றிலும் சூளைகள். பக்கத்திலேயே இருந்துகொண்டு அவரும் பீங்கானுக்கு மாறிவிட்டார். மகன் தெரெந்தி 1832இல் துல்யோவோவில் ஆலை வைத்தார். அது மாஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 90 கிலோமீட்டரில், இன்று லிகினோ-துல்யோவோ என்ற நகரம். ரஷ்யாவில் பேருந்தில் போனவர்களுக்கு லியாஸ் வண்டிகளைத் தெரிந்திருக்கும், அவையும் அந்த ஊரில் செய்ததுதான்.

முத்திரையில் இருக்கும் எம். எஸ். என்பவர் தெரெந்தியின் பேரன், மத்வேய் சிதோரோவிச், 1846இல் பிறந்து 1911இல் இறந்தவர். அப்பா இறந்தபோது பதினெட்டே வயது. ஒவ்வொரு ஆலையாக வாங்கிச் சேர்த்தார்: 1870இல் ட்வேர் பக்கம் அவுவர்பாக் ஆலை, 1892இல் வெர்பில்கியில் இருந்த கார்ட்னர் ஆலை. கார்ட்னர் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து நடந்த ஆலை, பிரபுக்களின் மேசையில் இருந்த பெயர். அதைக் கொல்லர் வீட்டுப் பிள்ளை ஒருவர் விலைக்கு வாங்கியது அன்றைக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்காது. பேரரசின் பீங்கானில் பெரும்பகுதி அவர் ஆலைகளிலிருந்தே வந்தது. அரண்மனைக்கும் போனது, குடியானவர் வீட்டுக்கும் போனது, மத்திய ஆசியாவுக்குக் கைப்பிடி இல்லாத பியாலாக் கிண்ணங்களாகவும் போனது. எனக்கு அவரிடம் பெரிய மரியாதை இதனால்தான்: ஜாருக்குச் செய்தவர்கள் நிறையப் பேர், வண்டிக்காரருக்கும் ஒரு ரோஜா போட்டுக் கொடுத்தவர்கள் குறைவு. மியஸ்னித்ஸ்கயா தெருவில் அவருக்காகக் கட்டடக் கலைஞர் ஃபியோதர் ஷெக்தெல் கட்டிய கடைவீடு இன்றும் நிற்கிறது, அந்தப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் நின்று மேலே பாருங்கள். புரட்சிக்குப் பிறகு ஆலைகள் அரசுடைமை ஆயின. ட்வேர் ஆலை இருந்த குஸ்னெத்சோவோ கிராமத்துக்கு, அங்கிருந்து வந்து மரண தண்டனைக்கு உள்ளான ஒரு தொழிலாளியின் நினைவாகக் கோனகோவோ என்று பெயர் மாறிவிட்டது.

இப்போது நான் ஏமாந்த கதை. இந்தக் கோப்பைக்கு முன்னால், ஒரு விளம்பரத்தைப் பார்த்து வேறொருவரிடம் 6,000 ரூபிளுக்கு ஒரு 'குஸ்னெத்சோவ்' தேநீர்ச் சாடி வாங்கினேன். படத்தில் முத்திரை கறுப்பாக, துல்லியமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து நகத்தால் தடவினால் முத்திரை தட்டுப்பட்டது. நகச்சாயம் அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்தேன், கழுகின் ஒரு தலை போய்விட்டது. விற்றவர் அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, பணத்துக்காக மட்டும் இல்லை, நான் அந்தச் சாடியை நம்பி ஒரு வாரம் வருகிறவர்களிடம் எல்லாம் காட்டியிருந்தேன்.

அதனால் வாங்கும்போது செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். என் கோப்பையில் முத்திரை மெருகுப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது, நகத்துக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஓரங்கள் லேசாகக் கசிந்தும் இருக்கின்றன. ஊசி முனை மாதிரி கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். தரையில் படும் அடி வளையம் பூச்சு இல்லாமல் சொரசொரப்பாக, பழுப்பேறி இருக்க வேண்டும், நூறு வருஷம் மேசையில் உரசிய பொருள் அடியில் பளிச்சென்று இருக்காது. பிறகு கோப்பையை உள்ளங்கையில் நிறுத்தி, ஒரு பென்சிலால் விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். மணிச்சத்தம் நீண்டு வந்தால் நல்லது, 'டொக்' என்று அமுங்கினால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டு. விளக்குக்கு எதிரே பிடித்தால் விரல் நிழல் உள்ளே தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது ஃபயான்ஸ், அதாவது பூச்சிட்ட மண்பாண்டம். குஸ்னெத்சோவ் ஆலைகள் அதையும் ஏராளமாகச் செய்தன, போலி என்று அர்த்தம் இல்லை, ஆனால் பீங்கான் விலை கொடுக்காதீர்கள்.

இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு யோசனை. வெறுமனே குஸ்னெத்சோவ் என்று போட்டால் பீங்கான் வராது, போர்க்கப்பல் வரும். 'ஃபர்ஃபோர்' என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள், அதுதான் பீங்கானுக்கு ரஷ்யச் சொல். நான் சேர்க்காமல் தேடித்தான் இரண்டு மாலை முழுவதும் வேறு குஸ்னெத்சோவ்களைப் படித்துக்கொண்டிருந்தேன், அதில் மூன்று பேர் நிக்கொலாய்!

ஒருவர் கப்பலுக்குப் பெயர் கொடுத்த அட்மிரல் நிக்கொலாய் கெராசிமோவிச். 1939இல் சோவியத் கடற்படைக்குத் தலைமை ஏற்றவர். 1941 ஜூன் 21 இரவு, ஜெர்மானியத் தாக்குதல் தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு, கடற்படைகளை முழு ஆயத்த நிலைக்குக் கொண்டுவர உத்தரவிட்டார். மறுநாள் விடியற்காலை செவஸ்தோபோல் மீது விமானங்கள் வந்தபோது கடற்படையின் பீரங்கிகள் விழித்துக்கொண்டிருந்தன. அப்படிப்பட்டவரைப் பின்னர் இரண்டு முறை பதவியிறக்கினார்கள், 1948இலும் 1956இலும். 1974இல் அவர் இறந்து பதினான்கு வருஷம் கழித்து, 1988இல்தான் பழைய தரம் திரும்பக் கிடைத்தது. படித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்னொரு நிக்கொலாய், திமித்ரியேவிச், சமாராவில் விமான எஞ்சின் வடிவமைத்தவர். அவருடைய என்கே-12 எஞ்சின்தான் து-95 விமானத்தைத் தூக்குகிறது. சோவியத் நிலா ராக்கெட்டுக்காக அவர் குழு செய்த என்கே-33 எஞ்சின்கள், திட்டம் கைவிடப்பட்ட பிறகு அழிக்கப்படாமல் கிடங்கில் காத்திருந்து, 2013இல் அமெரிக்க அன்டாரிஸ் ராக்கெட்டில் பறந்தன. கொல்லர் பெயர் இவருக்குத்தான் சரியாகப் பொருந்துகிறது. மூன்றாவது நிக்கொலாய், இவானோவிச், போர்க்காலத்தில் உக்ரைனின் ரிவ்னேயில் ஜெர்மானிய அதிகாரி வேடத்தில் சோவியத்துக்காக உளவு பார்த்தவர், 1944இல் கொல்லப்பட்டார்.

டென்னிஸ் பார்ப்பவர்களுக்கு ஸ்வெத்லானா குஸ்னெத்சோவா நினைவிருக்கும், இந்த 'ஆ' பெண்பால் 'ஆ'தான். 2004இல் அமெரிக்க ஓபன், 2009இல் பிரெஞ்சு ஓபன் வென்றவர். 2011 ஆஸ்திரேலிய ஓபனில் ஸ்கியாவோனேயிடம் தோற்ற ஆட்டம் 4 மணி 44 நிமிஷம், கடைசி செட் 16-14.

சரி, கோப்பைக்கு வருவோம். என் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்ததில் விளிம்புவரை 200 மில்லி பிடிக்கிறது. சுவர் மெல்லியது, சூடு சீக்கிரம் இறங்கிவிடும். அரட்டை அடித்தபடி நிதானமாகக் குடிப்பவர்களுக்கு இது ஒரு உண்மையான குறை. கைப்பிடி வளையத்தில் என் விரல் ஒன்று மட்டும் நுழைகிறது, நிறையத் தேநீர் இருக்கும்போது பிடி தடுமாறுகிறது. தட்டு மட்டும் இன்றைய தட்டுகளைவிட நல்ல குழிவு. காரணம் இருக்கிறது: அந்தக் காலத்தில் தேநீரைத் தட்டில் ஊற்றி ஆற்றி, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு உறிஞ்சுவார்கள். நானும் செய்து பார்த்தேன். விரல்கள் ஐந்தையும் அடியில் விரித்துத் தட்டைத் தாங்கினால் ஒரு சொட்டு சிந்தவில்லை, கோப்பையில் குடிப்பதைவிட மணம் அதிகம். போதும் என்றால் கோப்பையைத் தட்டில் கவிழ்த்துவிடுவார்களாம், அதன் பிறகு யாரும் ஊற்ற மாட்டார்கள்.

கழுவுவதைக் கையால் மட்டும் செய்யுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில், மிருதுவான துணியால். தங்கப் பூச்சு இருப்பதால் மைக்ரோவேவ் அறவே கூடாது, பாத்திரம் கழுவும் இயந்திரமும் தங்கத்தைத் தின்றுவிடும். குளிர்ந்த கோப்பையில் கொதிக்கிற தண்ணீரை நேரே ஊற்றாமல், முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடேற்றிவிட்டு ஊற்றுங்கள். உள்பக்கமும் வண்ணம் தீட்டிய கோப்பை என்றால் எலுமிச்சை பிழிந்த தேநீர் வேண்டாம், பழைய மேற்பூச்சு வண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு, புளிப்பு அதை இழுக்கும். என்னுடையது உள்ளே வெறும் வெள்ளை, அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். இன்னொன்று, சுற்றுலா வருகிறவர்கள் கவனிக்கவும்: நூறு வயதைத் தாண்டிய பொருளை நாட்டைவிட்டு எடுத்துப் போவதற்கு விதிகள் கடுமை, வாங்குவதற்கு முன்பே என்ன ஆவணம் வேண்டும் என்று கலாசார அமைச்சகப் பக்கம் விசாரித்துவிடுங்கள், விமான நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை கைப்பிடிக்காக. அந்த அம்மா போன வாரம் செய்தி அனுப்பினார், இதே நீலத்தில் ஒரு சர்க்கரைக் கிண்ணம் வந்திருக்கிறதாம், மூடி உடைந்துபோய்க் கிண்ணம் மட்டும் இருக்கிறதாம், எனக்காக எடுத்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை காலையிலேயே கிளம்பிவிடுவேன், பென்சிலை எடுத்துக்கொண்டு.