ஆறு வருடம் உடையாத ஜாடி, அதற்குக் கிடைக்காத மூடி

வீட்டில் கேனிங் (பழம், காயை ஜாடியில் அடைத்துச் சூடாக்கி, காற்றுப் புகாமல் மூடிக் கெடாமல் வைப்பது) செய்யத் தொடங்கப்போகும் தோழி ஒருத்தி நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். "12 ஜாடி கொண்ட பெட்டி, இப்போது நல்ல தள்ளுபடியில் இருக்கிறது. உன்னிடம் இருப்பது இதுதானே? வாங்கட்டுமா?" பார்த்ததுமே அடையாளம் தெரிந்தது. ஆறு வருடமாக என் அலமாரியில் நிற்கும் அதே ஜாடி. "வேண்டவே வேண்டாம்" என்று உடனே பதில் போட்டுவிட்டேன். ஆனால் அந்த ஒரு வரியோடு விட்டால் ஜாடிக்கு நான் நியாயம் செய்ததாகாது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கண்ணாடியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. வாங்கிய 12 ஜாடியும் இன்று வரை முழுசாக இருக்கின்றன. விளிம்பில் விரல் நுனியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் எங்கும் சொரசொரப்பு தட்டாது. பின்னாளில் இன்னொருவர் பயன்படுத்திய ஜாடிகள் சில வாங்கினேன். அதில் ஒன்றைக் கொதிநீரிலிருந்து இடுக்கியால் தூக்கினேன். அடிப்பாகம் தட்டு மாதிரி வட்டமாகக் கழன்று பாத்திரத்திலேயே தங்கிவிட்டது. ஒரு ஜாடி தக்காளியும் தண்ணீரோடு போயிற்று. முன்பு வைத்திருந்தவர் காற்றுக்குமிழி எடுக்க இரும்புக் கத்தியை விட்டுக் கிளறியிருக்கலாம். அந்தக் கீறல் வருடக்கணக்கில் காத்திருந்து ஒருநாள் சூட்டில் விட்டுக்கொடுக்கும். பாத்திரத்தின் அடியில் தாங்குதட்டு போடாமல் வைத்தாலும், ஆறிய ஜாடியைக் கொதிக்கிற தண்ணீரில் இறக்கினாலும் இப்படி ஆகும். மலிவாக வாங்கிய என் 12 ஜாடிகளிடம் நானும் ஆரம்பத்தில் இந்தத் தப்புகளை எல்லாம் செய்திருக்கிறேன். அவை தாங்கின.

சரி, அப்படியென்றால் ஏன் வேண்டாம் என்கிறேன்? மூடி.

கேனிங் ஜாடியின் மூடி இரண்டு துண்டு. தட்டையான தகடு ஒன்று, அதை இறுக்கிப் பிடிக்கும் திருகுவளையம் ஒன்று. வளையத்தைத் துரு பிடிக்கும் வரை திரும்பத் திரும்பப் போடலாம். தகடு அப்படியல்ல. அதன் ஓரத்தில் இருக்கும் ரப்பர் மாதிரியான பூச்சு சூட்டில் இளகி, ஜாடியின் விளிம்புக்கு ஏற்றாற்போல் அழுந்திக்கொள்கிறது. ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, தகட்டின் நடுமேடு 'டிக்' என்று உள்ளே போகும். பழைய தகட்டைத் திருப்பிப் பாருங்கள், பூச்சில் விளிம்பின் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். அடுத்த தடவை அந்தப் பள்ளத்தை நம்ப முடியாது. ஆக ஜாடி ஒருமுறை செலவு, தகடு ஒவ்வொரு முறையும் செலவு. எந்த ஜாடி மலிவு என்று பார்க்கும்போது நான் இந்தக் கணக்கைப் போடவே இல்லை.

முதல் வருடம் பெட்டியோடு வந்த 12 தகடும் அருமையாகப் பிடித்தன. இரண்டாம் வருடம் வழக்கமான சின்ன வாய் ஜாடிக்கான 70 மி.மீ. தகடு வாங்கி வந்தேன். பழம் வெந்துகொண்டிருக்கிறது, ஜாடிகள் சூடாகக் காத்திருக்கின்றன, வைத்துத் திருகுகிறேன், வளையம் மரையில் பிடிக்காமல் சும்மா சுற்றுகிறது. ஸ்கேலை வைத்து அளந்தேன். பெட்டியோடு வந்த தகடு 67. மூன்று மில்லிமீட்டர்! விற்றவரிடம் கேட்டால், தகடு தனியாக வராது, இன்னொரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தணியவில்லை.

அந்த வருடம் பழைய தகடுகளையே போட்டேன். ஏழு ஜாடி தக்காளி. எல்லாமே 'டிக்' என்றன. மூன்று வாரம் கழித்து ஒன்றை எடுத்து நடுவில் அழுத்தினால் மேலும் கீழும் போய் வருகிறது. கெட்ட வாடை எதுவும் இல்லை. ஆனாலும் கொட்டிவிட்டேன். காற்றில்லாத ஜாடிக்குள் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் போட்யூலிசம் நஞ்சு இருந்தால் வாடையிலோ பார்வையிலோ தெரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை. தக்காளியின் புளிப்பும் பாதுகாப்பு எல்லையான பி.எச். 4.6-ஐ (பி.எச். என்பது புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) ஒட்டியேதான் நிற்கும். அதனால்தான் லிட்டர் ஜாடிக்கு இரண்டு மேசைக்கரண்டி பாட்டில் எலுமிச்சைச்சாறு சேர்க்கச் சொல்கிறார்கள். நான் சேர்த்திருந்தேன். ஆனால் சீல் விட்டுப்போன ஜாடியில் அப்புறம் எது வேண்டுமானாலும் வளரலாம். மீதி ஆறையும் நம்பிச் சாப்பிட மனம் வரவில்லை. ஏழும் போயின.

ஜான் லாண்டிஸ் மேசன் என்பவர் மரை வைத்த ஜாடிக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1858-இல். 1879-இல் அது காலாவதியானதும் ஆளாளுக்கு அதே மாதிரி ஜாடி செய்ய ஆரம்பித்தார்கள். இன்று சின்ன வாய்க்கு 70, அகல வாய்க்கு 86 என்று இரண்டே அளவு ஊன்றி நிற்பதால்தான் ஒருவர் செய்த ஜாடிக்கு இன்னொருவர் செய்த மூடி பொருந்துகிறது. மரை ஜாடியின் பெரிய வசதியே அதுதான். அதை விட்டுவிட்டு 67-இல் ஜாடி வார்ப்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

கண்ணாடி மூடியும் ரப்பர் வளையமும் எஃகுக் கிளிப்பும் கொண்ட வெக் வகை ஜாடியையும் தோழி கேட்டிருந்தாள். அழகு. சீல் பிடித்திருந்தால் வளையத்தின் நாக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும், பார்த்தாலே தெரியும். வாய் அளவும் 60, 80, 100 என்று ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ரப்பர் வளையம் உங்கள் பக்கத்தில் தொடர்ந்து கிடைக்குமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது நான் கேனிங் செய்வது 70 மி.மீ. ஜாடிகளில். பழைய 12-ஐ விடக் கண்ணாடி ஒரு படி மட்டம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் நான்கு வருடமாக ஒரு தடவைகூட மூடிக்காக அலையவில்லை. வளையத்தை விரல் நுனியால் திருகி, தடை தட்டியதும் நிறுத்திவிடுவேன். மேலே இறுக்கினால் காற்று வெளியேற வழியில்லாமல் தகடு நெளியும். மறுநாள் வளையத்தைக் கழற்றி, தகட்டை மட்டும் பிடித்து ஜாடியைத் தூக்கிப் பார்ப்பேன். தகடு கழலாமல் ஜாடி கையோடு வந்தால் அலமாரிக்குப் போகும்.

தோழிக்கு இன்று காலை மறுபடி எழுதினேன். உலர்ந்த சாமான் போட்டு வைக்க என்றால் என்னுடைய 12-ஐயும் எடுத்துக்கொள், இதைவிட நல்ல கண்ணாடி உனக்குக் கிடைக்காது. கேனிங்குக்கு என்றால், பெட்டியைத் திறந்து தகட்டின் மேல் ஸ்கேலை வை. 70 இல்லை, 86-ம் இல்லை என்றால், சும்மா கொடுத்தாலும் வாங்காதே.