வெளிநாட்டு பையரோடு வேலை: விதிப்புத்தகமா, பயிற்சி வகுப்பா, நடுவில் ஓர் ஆளா?

சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, கடலூர் சிப்காட் என்று நம் புதுச்சேரிப் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் வெளிநாட்டு பையரை, அதாவது சரக்கு வாங்குபவரை, நம்பி ஓடும் யூனிட்டுகள் இருக்கின்றன. சரக்கு நன்றாக இருந்தும் பேச்சில் கோளாறாகி ஆர்டர் கைவிட்டுப் போனால், மறுநாள் வேலையில்லாமல் நிற்பது தையல் மெஷினில் உட்காரும் பெண்கள்தான். அதனால் இது எம்.டி.க்கள் மட்டும் பேசித் தீர்க்கும் விஷயம் இல்லை.

தீர்வாக மூன்று வழிகள் சொல்கிறார்கள். எல்லா நாட்டுக்கும் ஒரே விதிப்புத்தகம். ஊழியர்களுக்குக் கலாச்சாரப் பயிற்சி வகுப்பு. இரு பக்கமும் தெரிந்த ஓர் ஆளை நடுவில் வைப்பது. நடுத்தர யூனிட்டுக்கு மூன்றையும் ஒரே சமயத்தில் செய்யப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. முதல் பணத்தை நடுவில் நிற்கும் ஆளுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பேன். ஆனால் அந்த ஆள் யார் என்பதில் பெரும்பாலோர் தப்பான இடத்தில் தேடுகிறார்கள்.

கோளாறு எங்கே நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். வீடியோ காலில் ஜெர்மன் பையர் கேட்கிறார்: "வெள்ளிக்கிழமை 400 பீஸ் கிளம்பிவிடுமா?" நம் புரொடக்‌ஷன் மேனேஜர் ஒரு நொடி கட்டிங் மாஸ்டரைப் பார்க்கிறார். மாஸ்டர் குனிந்துகொள்கிறார். "பண்ணிடலாம் சார், பார்த்துக்கறோம்" என்கிறார் மேனேஜர். அந்த அறையில் இருந்த நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் வெள்ளிக்கிழமை போகாது என்று புரிந்துவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. பெரியவர் கேட்கும்போது முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது நமக்கு மரியாதைக் குறைவு, அவ்வளவுதான். அங்கே அவரோ "வெள்ளி, 400" என்று குறித்துக்கொண்டு கப்பலில் இடம் போட்டுவிடுகிறார்.

பிரெஞ்சு பையரிடம் கதை வேறு. டிசைனை மறுப்பார், குரலை உயர்த்தி வாதாடுவார். கோபம் என்று நினைத்து நம்மவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இவர்களுக்குச் சொந்தக் கருத்தே இல்லை போல என்று அவர் எடுத்துக்கொள்வார். ஜப்பானியரிடம் மீட்டிங்கில் வைத்து முடிவு கேட்டால் கிடைக்காது. மீட்டிங்குக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசிச் சம்மதம் சேர்த்துக்கொள்வது அவர்கள் பழக்கம். அதற்கு நெமவாஷி என்று பெயர்.

இந்த மூன்று இடத்திலும் விதிப்புத்தகம் கைகொடுக்காது. தீ பாதுகாப்பு, தரம், சம்பளம், பணம் வரும் தேதி போன்றவை ஊருக்கு ஊர் மாறக் கூடாதவை. அவற்றுக்குப் புத்தகம் கட்டாயம் வேண்டும். அதைத் தாண்டி மனிதர்கள் பழகும் விதத்துக்கும் சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கக் கடைத்தொடரான வால்மார்ட் ஜெர்மனியில் பட்டதே போதும். 1997இல் அங்கே நுழைந்தது, 2006இல் கடைகளை மெட்ரோ என்ற ஜெர்மன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது. விலைப் போட்டி உட்பட இதற்குக் காரணங்கள் பல. ஆனால் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், சக ஊழியரைக் காதலிக்கக் கூடாது என்றெல்லாம் அமெரிக்காவில் எழுதிய விதிகளை அப்படியே இறக்கியதும் ஒன்று. 2005இல் அந்த நடத்தை விதிகளில் சிலவற்றைத் தொழிலாளர் நீதிமன்றமே செல்லாது என்றது.

இங்கேயே பாருங்கள். ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரியில் அரசு விடுமுறை. பஸ்ஸில் கொஞ்ச நேரம் தள்ளியிருக்கும் கடலூரில் அவை வேலை நாட்கள். ஆடியில் வீராம்பட்டினம் தேர் என்றால் சுற்றுவட்டாரமே அங்கே கூடும். அந்த ஆகஸ்டில் பிரான்ஸில் பாதி ஆபீஸ் விடுமுறையில் இருக்கும். இவ்வளவையும் தலைமையகத்தின் ஒரே காலண்டரில் அடைக்க முடியாது.

பயிற்சி வகுப்பு விதிப்புத்தகத்தைவிட மேல். பெரும்பாலும் ஹோஃப்ஸ்டெடிடம் ஆரம்பிப்பார்கள். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்ட டச்சு ஆய்வாளர். மேலே இருப்பவர் மேலேதான் என்று மக்கள் எந்த அளவுக்கு ஏற்றுக்கொள்கிறார்கள் என்ற அளவீட்டில் இந்தியாவுக்கு 77, பிரான்ஸுக்கு 68, ஜெர்மனிக்கு 35. கட்டிங் மாஸ்டர் ஏன் குனிந்துகொண்டார் என்பது இதில் விளங்கும். சரி, மதிப்பெண்ணில் பிரான்ஸ் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? அப்படியானால் பிரெஞ்சுக்காரர்களும் மீட்டிங்கில் நம்மைப்போல் அடங்கி இருக்க வேண்டுமே! இல்லை. ஒரே கம்பெனி ஊழியர்களிடம் எடுத்த சராசரி, உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி இதற்கு மேல் சொல்லாது. வகுப்பு முடிந்ததும் "ஜெர்மன்காரர்கள் இப்படித்தான்" என்று ஒரு முத்திரை மட்டும் மனதில் தங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

இனி நடுவில் நிற்கும் ஆள். நம் ஊருக்கு இது புதிதே இல்லை. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்த்து நடுவில் நிற்பவராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கிய நாட்குறிப்பைப் புரட்டினால், கவர்னருக்கும் வணிகர்களுக்கும் நடுவில் நின்று அவர் செய்த வேலை நாளுக்கு நாள் தெரியும். மொழி தெரிந்ததால் மட்டும் அவர் அந்த இடத்துக்கு வரவில்லை. அவரே பெரிய வணிகர்; சரக்கு தெரியும், கடன் தெரியும், யார் வார்த்தை தாங்கும் என்று தெரியும்.

இன்றைக்கும் இங்கே பிரெஞ்சு பேசுபவர்களுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் சொல்தா குடும்பங்கள், லிசே என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள், பிரெஞ்சு கற்றுத்தரும் அலியான்ஸில் சான்றிதழ் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். யூனிட்டுகள் நேராக அங்கே போய் ஆள் எடுக்கின்றன. மொழி சுத்தமாக இருக்கும். ஆனால் சாயம் காய எத்தனை மணி நேரம், மழைக்காலத்தில் அது எவ்வளவு இழுக்கும் என்று அவருக்குத் தெரியாது. "பண்ணிடலாம்" என்றால் அதை அப்படியே மொழிபெயர்த்து அனுப்பிவிடுவார். பத்து வருஷம் ஃப்ளோரில், அதாவது உற்பத்தி நடக்கும் தளத்தில், நின்ற சூப்பர்வைசரை எடுத்து, வேலைக்கு வேண்டிய மொழியைக் கற்றுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. மொழி ஒன்றிரண்டு வருஷத்தில் வேலைக்கு உதவும் அளவு வந்துவிடும். ஃப்ளோர் அவ்வளவு சீக்கிரம் வராது.

அவருக்கு ஓர் அதிகாரம் கட்டாயம் வேண்டும்: எம்.டி. எதிரிலேயே "வெள்ளிக்கிழமை 250தான் போகும், மீதி புதன்கிழமை" என்று சொல்லும் அதிகாரம். அதை முதலாளி கொடுக்காவிட்டால் அவரும் இன்னொரு "ஓகே சார்" ஆகிவிடுவார்.

இந்த வழியிலும் குறை உண்டு. எல்லாப் பேச்சும் ஒருவர் வழியாகவே போனால், அவர் லீவு போட்டால் வேலை நிற்கும். வேறு கம்பெனிக்குப் போனால் பையரும் பின்னாலேயே போகலாம். கெட்ட செய்தியை வடிகட்டவும் அவரால் முடியும். அதனால் இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். ஒவ்வொரு வீடியோ கால் முடிந்ததும் அன்றைக்கே யார், என்ன, எந்தத் தேதி என்று நாலு வரி எழுதி இரு பக்கமும் அனுப்பச் சொல்லுங்கள். ஜெர்மன்காரருக்கு எழுத்தில் வந்தால் நிம்மதி. நம் மாஸ்டருக்கும் வாயால் சொல்ல முடியாததை அதில் சேர்க்க ஒரு வழி கிடைக்கிறது.

இருபது பேர் வேலை செய்யும் சின்னப் பட்டறைக்கு இதெல்லாம் வேண்டாம், முதலாளியே நடுவில் நிற்கலாம். ஒரே பையரை நம்பி இருக்கும் யூனிட் என்றால், வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தில் அந்த சூப்பர்வைசருக்கு டிக்கெட் போட்டு, பையரின் கிடங்கில் சில வாரம் உட்கார வைக்கலாம். வகுப்பு அதற்கு அப்புறம். பார்த்து, பேசி, அடிபட்டு வந்தவர் கேட்கும் கேள்விகள் இருந்தால்தான் பாடம் நடத்துபவருக்கே வேலை இருக்கும்.