ஏடிசி தேர்வுக்குப் பயிற்சி தருகிறோம் என்கிறவர்களிடம் பணம் கட்டும் முன்

அம்மாவின் இரண்டு வளையல்கள் இன்னும் கூட்டுறவு வங்கியில் அடகில் இருக்கின்றன. அவற்றை வைத்து வாங்கிய 48,000 ரூபாயைப் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி மையத்தில் கட்டினேன். அங்கே எனக்குக் கிடைத்தது நான் எழுதவே போகாத ஒரு தேர்வுக்கான பயிற்சி. அடுத்த அறிவிப்பு வரும்போது நெல்லை, தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் எத்தனை பேர் அந்தப் படிக்கட்டில் ஏறுவார்களோ என்ற பதைப்பில் இதை எழுதுகிறேன்.

ஊர் கல்லிடைக்குறிச்சி. அப்பளம் இட்டுத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தார். நான் பி.எஸ்சி. இயற்பியல், துணைப்பாடம் கணிதம். வாகைக்குளம் வழியாகத் தூத்துக்குடிக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் எட்டி விமான நிலையத்தைப் பார்ப்பது சிறு வயதிலிருந்தே பழக்கம். 2025 ஏப்ரலில் இந்திய விமான நிலைய ஆணையம் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு 309 இளநிலை நிர்வாகிகளை எடுக்கப்போவதாக அறிவித்தது. ஏடிசி வேலை என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். எந்த விமானம் எந்த உயரத்தில் பறக்க வேண்டும், எப்போது இறங்கலாம் என்று விமானிக்குச் சொல்கிற வேலை. இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று பார்த்ததும் எனக்காகவே வந்த அறிவிப்பு என்று தோன்றிவிட்டது.

அந்த மையத்தின் சுவரில் பதினொரு பேரின் படங்கள் ஒட்டியிருந்தன. எல்லோரும் அங்கே படித்துத் தேர்வானவர்களாம். இயக்குநர் என்று சொல்லிக்கொண்டவர் பொறுமையாகப் பேசினார். "ஏம்மா, இது பேங்க் தேர்வு மாதிரி இல்லை. உலகம் முழுக்க ஏடிசிக்கு ஒரே மாதிரியான திறனறித் தேர்வுதான். திரையில் விமானங்கள் ஓடும், காதில் எண்கள் சொல்வார்கள், கையில் ஜாய்ஸ்டிக் இருக்கும். பழகாதவர்கள் பத்து நிமிடத்தில் தோற்றுவிடுவார்கள்" என்றார். இயற்பியல், கணிதம் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் நீ கல்லூரியில் படித்ததுதானே, அது தானாக வரும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பதிலிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

விண்ணப்பத்தைத் தாங்களே போட்டுத் தருவதாகச் சொல்லி 1,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். கட்டணம் 1,000, மீதி சேவைக்கு என்றார்கள். அந்த அறிவிப்பின்படி பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமே கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் கிடையாது. என்னோடு சேர்ந்த ஐந்து பெண்களிடமும் இப்படியே வாங்கியிருக்கிறார்கள். 48,000 ரூபாயைவிட இந்த 1,500 ரூபாய்தான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. அரசு எங்களுக்கு விட்டுக்கொடுத்த பணத்தை இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

தினமும் காலையில் செங்கோட்டை வண்டியைப் பிடித்துத் திருநெல்வேலி வந்து, ஜங்ஷனிலிருந்து பஸ் மாறி வகுப்புக்குப் போவேன். இரண்டு கணினிகள், ஒரு ஜாய்ஸ்டிக், இருபத்திரண்டு பேர். ஒருவர் பயிற்சி செய்வதை மற்றவர்கள் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஒரு பந்தைத் திரையின் நடுவில் நிறுத்திக்கொண்டே கூட்டல் கழித்தலுக்கு விடை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதாமல் வழிமாற்ற வேண்டும். சுவாரசியமாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. நான்கு வாரத்தில் நான் நன்றாகத் தேறியும் விட்டேன்.

மே மாதக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்காக எங்கள் கல்லூரியில் படித்த அக்கா ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். வேறு மாநிலத்தில் ஒரு விமான நிலையத்தில் ஏடிசியாக இருக்கிறார். ஆசையாக அவரிடம் என் குறிப்பேட்டைக் காட்டினேன். நாலைந்து பக்கம் புரட்டினார்.

"இதில் இயற்பியல் எங்கே?" என்று கேட்டார்.

நான் ஜாய்ஸ்டிக், புள்ளிகள் என்று விளக்க ஆரம்பித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஐரோப்பாவில் யூரோகண்ட்ரோல் என்ற அமைப்பு உருவாக்கிய ஃபீஸ்ட் என்ற தேர்வு இருக்கிறது, அங்கே பல நாடுகள் கட்டுப்பாட்டாளர்களை அதை வைத்துத்தான் பொறுக்குகின்றன, உன்னைப் பழக்குவது அதைப் பார்த்து யாரோ செய்த விளையாட்டு என்றார். அந்தத் தேர்வும் அந்தந்த நாட்டு நிறுவனம் தன்னிடம் விண்ணப்பித்தவர்களுக்கு வைப்பது. வள்ளியூரிலோ வீரவநல்லூரிலோ இருக்கிற ஒருவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அமெரிக்காவிலும் இதே போல ஒரு திறனறித் தேர்வு உண்டு. அதை எழுத அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும்.

நம் நாட்டுத் தேர்வு எப்படி என்று அன்று இரவு ஆணையத்தின் அறிவிப்பை முழுதாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கணினியில் 120 கேள்விகள், 120 நிமிடங்கள். ஆங்கிலம் 20, பகுத்தறிதல் 15, எண் திறன் 15, பொது அறிவு 10. மீதி 60 கேள்விகளில் 30 கணிதம், 30 இயற்பியல். அதாவது சரிபாதி, "தானாக வரும்" என்று அவர் ஒதுக்கித் தள்ளிய பாடங்கள். குரல் தேர்வு, உளவியல் மதிப்பீடு, போதைப்பொருள் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. இந்த 120 கேள்விகளைத் தாண்டாதவர் அங்கே போய்ச் சேரவே முடியாது.

இன்னொன்றையும் அந்த அறிவிப்பில் பார்த்தேன். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். மையத்திலோ, "தெரியாததைத் தொடாதீர்கள், மைனஸ் உண்டு" என்று வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அன்றே செய்தி அனுப்பினேன். சிலர் நம்பினார்கள். நம்பாத ஒருத்தி தேர்வில் பதினெட்டுக் கேள்விகளைத் தொடாமலே விட்டுவிட்டு வந்து அழுதாள்.

கண்ணாடி போட்டவர்களை வேறு பயமுறுத்தி வைத்திருந்தார்கள். கண்ணாடி இருந்தால் வேலை கிடையாது, நாங்கள் சொல்லும் இடத்தில் கண் பயிற்சி எடுங்கள் என்று தனியாகப் பணம் கேட்டார்கள். இந்த வேலைக்கான சர்வதேச மருத்துவத் தகுதி, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரண்டும் சேர்த்து 6/6 பார்வை இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. நிறங்களைச் சரியாகப் பிரித்தறிய வேண்டும், அது முக்கியம். எங்கள் வகுப்பில் கண்ணாடி போட்ட ஒரு பையன் இந்தப் பயத்திலேயே விண்ணப்பிக்காமல் நின்றுவிட்டான்.

சுவரில் இருந்த படங்களைக் கைப்பேசியில் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். அதில் ஒருவர் அவரோடு பிரயாக்ராஜ் பயிற்சிக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர். கேரளத்துக்காரர். திருநெல்வேலிக்கு வந்ததே இல்லையாம்.

ஜூன் முதல் வாரத்தில் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாய், ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்றார் இயக்குநர். ரசீதாவது முறையாகக் கொடுங்கள் என்றேன். எனக்குக் கொடுத்திருந்தது ஜிஎஸ்டி எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. அவர், "வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் வரச் சொல், உன்னிடம் பேச முடியாது" என்று கதவைக் காட்டினார்.

மறுநாள் அம்மா வந்தார். நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கடைசியில் உள்ளே போனதும் அம்மா சத்தம் போடவில்லை. "சார், என் பிள்ளை எழுதப் போகிற தேர்வின் பழைய தாள் ஒன்றை எடுத்து என் கையில் கொடுங்கள், நான் போய்விடுகிறேன்" என்றார். அவர்களிடம் ஒரு தாள்கூட இல்லை. வாங்கிய பணத்துக்குப் பதில் சொல்லாமல் வேலையாளைக் கூப்பிட்டு எங்களை வெளியே அனுப்பினார்கள்.

மிச்சமிருந்த ஆறு வாரம் பழைய பாடப் புத்தகங்களோடு கிடந்தேன். ஜூலையில் மதுரைக்குப் போய் எழுதினேன். ஒளியியலும் வெப்ப இயக்கவியலும் ஓரளவு கைகொடுத்தன, கணிதம் கைவிட்டது. பட்டியலில் என் எண் இல்லை. அந்த நான்கு வாரத்தையும் கணக்குப் போட்டுப் பழகுவதில் செலவிட்டிருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

இப்படி மாட்டிக்கொண்டவர்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். நான் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். மையம் அதற்கு மசியவில்லை. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் இல்லாமலும் போகலாம், இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். தேர்வானவர்களின் சம்மதமில்லாமல் அவர்கள் படத்தை விளம்பரத்தில் போடக்கூடாது என்று 2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மையங்களுக்கு நெறிமுறை வகுத்திருக்கிறது. சுவரின் படத்தையும் அந்தத் துண்டுச் சீட்டையும் புகாரோடு இணைத்திருக்கிறேன். நீங்களும் கட்டும் பணம் எதையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சரிபார்க்க வேண்டும் என்று மூலச் சான்றிதழைக் கேட்டால் நகலோடு நிறுத்துங்கள். இரண்டு பேரின் சான்றிதழ்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

எந்த மையத்துக்குப் போனாலும் விமான நிலைய ஆணையத்தின் அறிவிப்பை அச்சிட்டுக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த 30 இயற்பியல், 30 கணிதக் கேள்விகளுக்கு யார் பாடம் எடுக்கிறார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு இன்னும் வயது இருக்கிறது. பொதுப் பிரிவுக்கு உச்ச வரம்பு 27, பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டு கூடுதல். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறோம். அந்தக் கண்ணாடி போட்ட பையனும் வருகிறான். அம்பாசமுத்திரம், கல்லிடைப் பக்கம் இருப்பவர்கள் வரலாம். காசு எதுவும் வேண்டாம், பிளஸ் டூ கணிதப் புத்தகம் இருந்தால் கொண்டு வாருங்கள், எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது.