வேலையை விட்டு முழுநேரப் போக்கரா, வேலையோடு வார இறுதிப் போக்கரா?

லாஸ் வேகஸின் 2–5 டாலர் நோ லிமிட் ஹோல்டெம் மேசையை வைத்துப் பேசுகிறேன்: ஒவ்வொரு கையிலும் இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம் 2, 5 டாலர்; அதற்கு மேல் முன்னால் உள்ள பணம் முழுவதையும் கட்டலாம். நேரில் உட்கார்ந்து போக்கர் ஆடியே பிழைக்கலாமா என்று யோசிப்பவர்கள் பலர் கணக்குப் போடத் தொடங்குவது இந்த மேசையில்தான். வேலையை விட்டு முழுநேரம் ஆடுவது ஒன்று. சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளி, சனி இரவுகளில் மட்டும் ஆடுவது இன்னொன்று. என் ஓட்டு இரண்டாவதற்கு. அதற்கு ஒரே காரணம் கைமுதல், அதாவது ஆட்டத்துக்கென்று ஒதுக்கி வைத்த பணம்.

தெரிந்த சங்கதிகளை முதலில் முடித்துவிடலாம். எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது; வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் அவகாசம். கிரீன் கார்டோ குடியுரிமையோ உள்ளவர் வேலையை விட்டால், மருத்துவக் காப்பீட்டை முழுக்கச் சொந்தக் காசில் வாங்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியில் முதலாளி கட்டிவந்த பாதியும் சேர்ந்து 15.3 சதவீதமாக நிற்கும். வீட்டுக் கடனுக்குப் போனால் பொதுவாக 2 ஆண்டு வரிக் கணக்கைக் காட்டச் சொல்வார்கள்.

இனி மேசைக்கு வருவோம். நேரடி ஆட்டத்தில் மணிக்குச் சுமார் 30 கைதான் (சீட்டுச் சுற்று) போடுவார்கள். ஒன்பது பேர் உள்ள மேசையில் உங்கள் பங்குக்கு மூன்று பாட் (ஒரு கையில் சேரும் பந்தயப் பணம்) வரும். ஓரளவு பெரிய பாட் என்றால் அதிலிருந்து சூதாட்ட விடுதி எடுக்கும் ரேக் 5, 6 டாலர், ஜாக்பாட் பரிசு நிதிக்கு 1 அல்லது 2, டீலருக்கு டிப்ஸ் 1 என்று போய்விடும். இதெல்லாம் போக மணிக்கு 30 டாலர் நின்றால் அவர் நல்ல ஆட்டக்காரர். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தின் திட்டவிலக்கம், அதாவது வரவு சராசரிக்கு மேலும் கீழும் ஊசலாடும் அளவு, 450 டாலர் அளவில் இருக்கும். மாதம் 125 மணி நேரம் ஆடினால் எதிர்பார்க்கும் வரவு 3,750, திட்டவிலக்கம் 5,000. வீட்டுச் செலவுக்கு ஒரு காசு எடுக்கும் முன்பே, நான்கைந்து மாதத்துக்கு ஒரு மாதம் நஷ்டத்தில் முடியும்.

இப்போது இரண்டு பேரிடமும் ஆளுக்கு 20,000 டாலர் கைமுதல் கொடுங்கள். மேசையில் உட்காரும்போது கொண்டுவரும் தொகையான பை-இன் 500 டாலர் என்றால், இது 40 முறை உட்காரப் போதும். ஆட்டத் திறமையும் ஒன்றே என்று வையுங்கள். சம்பளக்காரர் அதில் கை வைப்பதில்லை. 30 டாலரும் உள்ளேயே தங்குகிறது. அந்தக் கைமுதல் என்றைக்காவது துடைத்துப் போகும் வாய்ப்பு 0.3 சதவீதத்துக்கும் கீழே. முழுநேரக்காரர் மாதம் 3,000 எடுத்தாக வேண்டும், அதாவது மணிக்கு 24. மிஞ்சுவது 6 டாலர். அவர் கைமுதல் துடைத்துப் போகும் வாய்ப்பு 31 சதவீதம்! சீட்டும் எதிராளியும் மாறவில்லை, மளிகைக் கடையும் வாடகையும் மட்டும்தான் நடுவில் வந்தன. இந்த வாய்ப்பை மீண்டும் 3 சதவீதத்துக்குள் கொண்டுவர 60,000 டாலர் தேவை.

உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கும் முறை இது. செலவு போக மணிக்கு நிற்கும் தொகையை இரண்டால் பெருக்கி, கைமுதலாலும் பெருக்கி, திட்டவிலக்கத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 2.718-ஐ அந்த எண்ணின் எதிர் அடுக்குக்கு உயர்த்தினால் துடைத்துப் போகும் வாய்ப்பு வரும்.

இதிலும் ஒரு சலுகை ஒளிந்திருக்கிறது. 30 டாலர் என்பது பெரும்பாலும் வார இறுதியில் எடுத்த எண். செவ்வாய் காலை 11 மணி மேசையைப் பாருங்கள். ஒன்பதில் ஆறு பேர் தினமும் வருபவர்கள், காதில் ஹெட்போன். மூன்றாம் இருக்கையில் ஒரே ஒரு சுற்றுலாப் பயணி. அவர் இரண்டாவது பை-இன்னையும் இழந்து எழுந்ததும், இரண்டு பேர் வேறு மேசை கேட்டு ஃப்ளோர் மேலாளரைக் கூப்பிடுவார்கள். மீதி இருப்பவர்கள் ஒருவர் பணத்தை ஒருவர் சுற்றிச் சுற்றி வாங்க, ரேக் மட்டும் குறையாமல் இறங்கும். வாரநாளையும் சேர்த்து உங்கள் சராசரி 24-க்கு இறங்கினால் மிச்சம் பூஜ்யம். அப்போது எந்தக் கைமுதலும் ஒருநாள் தீரும்.

அந்த 30-ஐயே எவ்வளவு நம்பலாம்? வாரம் 10 மணி நேரம் ஆடி ஓராண்டு பதிவு வைத்தால் 500 மணி நேரம் தேறும். அப்போது அந்தச் சராசரியில் வரக்கூடிய பிழை மணிக்கு 20 டாலர். உண்மை வரவு 10 ஆகவும் இருக்கலாம், 50 ஆகவும் இருக்கலாம். 1,000 மணி நேரத்திலும் பிழை 14. ஒரு நல்ல ஆண்டைப் பார்த்துவிட்டு ராஜினாமா எழுதுவதில் உள்ள கோளாறு இதுதான்.

வரியில் முழுநேரக்காரருக்கு ஒரு சாதகம் உண்டு. 1987-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த குரோட்ஸிங்கர் தீர்ப்புக்குப் பின், தொழிலாக ஆடுபவர் தொழில் கணக்கிலேயே நஷ்டத்தைக் கழிக்கலாம். பொழுதுபோக்காக ஆடுபவரோ எல்லாருக்கும் பொதுவாகக் கிடைக்கும் நிலைக்கழிவைக் கைவிட்டு, இனவாரியாகக் கணக்கு எழுதினால்தான் கழிக்க முடியும். 2025 ஜூலை 4-இல் கையெழுத்தான சட்டமோ 2026 முதல் இருவரையும் தொடுகிறது: நஷ்டத்தில் 90 சதவீதம்தான் கழியும். ஆண்டில் 90,000 ஜெயித்து 60,000 தோற்றவர் கையில் இருப்பது 30,000, வரி 36,000-க்கு.

முழுநேரத்தின் பக்கம் பேச இன்னும் இருக்கிறது. நல்ல மேசை கிடைத்தால் 14 மணி நேரம் உட்காரலாம், கெட்ட மேசையை அரை மணியில் விடலாம். கோடையில் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் என்ற போட்டித் தொடர் நடக்கும் வாரங்களில், போட்டியில் சேராத இந்த நேரடிக் காசு மேசைகளும் ஊர் முழுக்க நிறையும். அலுவலக விடுப்பு அதற்குப் போதாது. 5–10 டாலருக்கு மேல் ஆடுபவர்களுக்கு என் எண்களை நீட்டிச் சொல்லமாட்டேன், அங்கே மேசையும் ஆட்களும் வேறு.

இதற்குப் பிறகும் வேலையை விடுவதென்றால்: தேதி, மணி, பை-இன், எழுந்தபோது கையில் இருந்தது என 1,000 மணி நேரப் பதிவு வேண்டும், அதில் பாதி வாரநாளாக இருக்கட்டும். 60,000 கைமுதல் ஒரு கணக்கில், ஆறு மாத வீட்டுச் செலவு வேறு கணக்கில். கைமுதல் 40,000-ஐத் தொட்ட அன்றே வேலைக்கு விண்ணப்பம் போடத் தொடங்குங்கள். அதன் பிறகு சிறிய 1–3 டாலர் மேசைக்கு இறங்கி ஆடுவதைச் சம்பளம் வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். அந்த மேசையின் வரவு மாதம் 3,000-ஐத் தாங்காது.