200 ஏஎச் என்று விற்ற பேட்டரி, தராசில் 12 கிலோ

போன வருஷம் என் பழைய டெம்போ டிராவலரைக் கேம்பர் வேனாக மாற்றக் கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். கட்டில், கிச்சன் மேடை, அலமாரி எல்லாம் நன்றாகவே செய்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். கரண்ட் வேலையில்தான் ஏமாந்தேன். விஷயம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் பட்டறையின் பெயரைப் போடவில்லை. ஆனால் இதே மாதிரி நாலு வரிக் கொட்டேஷனை வைத்துக்கொண்டு இப்போது யாராவது அட்வான்ஸ் அனுப்பத் தயாராக இருக்கலாம். அவர்களுக்காகத்தான் இது.

அந்த நாலு வரி வாட்ஸப்பில் வந்தது. 200 ஏஎச் (ஆம்ப் ஹவர், எத்தனை ஆம்ப் எத்தனை மணி நேரம் தரும் என்ற அளவு) லித்தியம் பேட்டரி, 2000 வாட்ஸ் ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டர் (பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்ட் மாதிரி மாற்றுவது), 400 வாட்ஸ் சோலார், எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனல் தருவதை வீணாக்காமல் பேட்டரிக்கு அனுப்புவது). வயரிங்கோடு சேர்த்து 2,85,000 ரூபாய். கம்பெனி பெயர் கிடையாது, மாடல் நம்பர் கிடையாது, கேபிள் என்ன சைஸ் என்று கிடையாது. ஓனர் என்னோடு சீட் துணியின் கலரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். கூரை லைட் மஞ்சளா வெள்ளையா என்று இன்னொரு கால் மணி நேரம். ஒரு நாளைக்கு வேனுக்குள் என்னென்ன ஓடும் என்று மட்டும் கேட்கவே இல்லை. காஸ் சிலிண்டரோடு தூங்க என் மனைவி சம்மதிக்கவில்லை, அதனால் இண்டக்‌ஷன் அடுப்பு ஓட வேண்டும் என்று நானாகத்தான் சொன்னேன். "தாராளமா ஓடும் சார்" என்றார். அவ்வளவுதான் எங்கள் பிளானிங்.

கணக்கைப் பின்னால் நானே போட்டேன், பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 45 வாட்ஸ். நம் ஊர் வெயிலில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் நாளைக்கு 540 வாட் ஹவர் (வாட்ஸ் பெருக்கல் மணி நேரம்). சின்ன ஃபேன் இரண்டு, இரவு முழுக்க, 400. லைட், லேப்டாப், போன், தண்ணீர் பம்ப் சேர்த்து 330. இண்டக்‌ஷன் 1200 வாட்ஸில் 40 நிமிஷம் என்றால் 800, இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 900. ஆக மொத்தம் 2170. நிஜமான 200 ஏஎச் லித்தியம் பேட்டரியில் 12.8 வோல்ட் பெருக்கல் 200 ஏஎச், அதாவது 2560 வாட் ஹவர் இருக்கும். சோலார் இல்லாமலே ஒரு நாள் தாங்க வேண்டும்.

தாங்கவில்லை. தரங்கம்பாடி போன முதல் பயணத்திலேயே விடியற்காலை மூன்று மணிக்கு ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜில் வாங்கி வைத்திருந்த மீன் போச்சு. போன் செய்தால், "புது பேட்டரி சார், நாலஞ்சு தடவை சார்ஜ் ஏறி இறங்கினா செட் ஆயிடும்" என்றார். இதை நம்பாதீர்கள். லித்தியம் பேட்டரி முதல் நாளே முழு அளவு கொடுக்க வேண்டும், பழகிக்கொள்ள அது மாட்டுக்கன்று இல்லை. அன்று எனக்கு இது தெரியாது. சரி என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது பயணம் வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி, தெரிந்தவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ராத்திரி சாப்பாட்டுக்கு உப்புமா கிண்டிக்கொண்டிருந்தோம். பத்தாவது நிமிஷம் பிளாஸ்டிக் கருகும் வாடை. மனைவி உப்புமாதான் அடிப்பிடிக்கிறது என்று நினைத்தாள். அதற்குள் கட்டில் பலகைக்கு அடியிலிருந்து புகை வந்துவிட்டது. பையனைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு அடுப்பை அணைத்து, இன்வெர்ட்டரை நிறுத்தி, மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன். பேட்டரி முனையில் கேபிளின் தோல் கொப்புளம் கொப்புளமாக உருகியிருந்தது. அங்கிருந்து ஒரு சாண் தள்ளி, தகரத்தில் ஓட்டை போட்டு அதே கேபிளை நுழைத்திருந்தார்கள். ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லை. மலைப்பாதைக் குலுக்கலில் தகரம் தோலை அறுத்து உள்ளே செம்பு தெரிந்தது. அது பாடியில் தொட்டிருந்தால் நடுவில் நிறுத்த எதுவும் இல்லை. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையில் ஃபியூஸே போடவில்லை.

மறுநாள் மெதுவாகப் பொள்ளாச்சிக்கு இறங்கி, லாரிகளுக்கு வயரிங் பார்க்கும் ஒரு பெரியவரிடம் காட்டினேன். கேபிளைக் கையில் பிடித்ததுமே, "ஏனுங்க, இது 16 ஸ்கொயர் எம்எம்முங்க. இதுலயா அடுப்பு ஓட்டுனீங்க?" என்றார். வீட்டில் 230 வோல்ட்டில் 1200 வாட்ஸ் அடுப்பு ஐந்து ஆம்ப் சொச்சம்தான் இழுக்கும். அதையே 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால், இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து 110 ஆம்ப். பட்டறையில் இன்வெர்ட்டரை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள், பேட்டரியிலிருந்து போக 3 மீட்டர், வர 3 மீட்டர். அந்த 16 எம்எம் கேபிளில் மட்டும் முக்கால் வோல்ட் தொலைகிறது, 80 வாட்ஸ் சூடாகிறது. மெத்தைக்கு அடியில் ஒரு குண்டு பல்பை எரியவிட்ட மாதிரி. போதாததற்கு கேபிள் முனையில் மாட்டும் உலோக லக்கை ஹைட்ராலிக் கருவியில் அழுத்தாமல் சுத்தியலால் தட்டி நசுக்கியிருந்தார்கள். அந்த லூஸ் ஜாயின்ட்தான் முதலில் உருகியது. இன்வெர்ட்டரை முழு 2000 வாட்ஸுக்கு ஓட்டியிருந்தால் 180 ஆம்புக்கு மேல் போயிருக்கும்.

பெரியவர்தான் பேட்டரியைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். பக்கத்துப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தோம். 12 கிலோ. 200 ஏஎச் லித்தியம் 20 கிலோவுக்குக் குறைந்து வராது, செல்களே ஒவ்வொன்றும் சுமார் நாலு கிலோ இருக்கும். அப்புறம் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, இரண்டு பழைய ஹெட்லைட் பல்புகளை மாட்டி எரியவிட்டோம். 9 ஆம்ப் இழுத்தது. எட்டு மணி நேரத்தில் அணைந்துவிட்டது, அதாவது 72 ஏஎச். மூடியைக் கழற்றினால் நாலு செல், க்யூஆர் கோடு சுரண்டப்பட்டிருந்தது, டெர்மினலில் பழைய வெல்டிங் தடம். எங்கேயோ ஓடி முடித்த செல்களைப் பெட்டியில் போட்டு, மேலே 200 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

சந்தேகம் வந்த பிறகு எல்லாவற்றையும் அளந்தேன். சோலார் பேனல் ஒரு சதுர மீட்டருக்கு 200 வாட்ஸை ஒட்டித்தான் தரும், கொஞ்சம் முன்னே பின்னே. கூரை மேல் இருந்த இரண்டும் சேர்ந்து 1.3 சதுர மீட்டர். அதில் 400 வாட்ஸ் எங்கிருந்து வரும்? கன்ட்ரோலரில் எம்பிபிடி என்று பெரிதாக அச்சடித்திருந்தது, உள்ளே சாதாரண பிடபிள்யூஎம். பேனல் 18 வோல்ட் கொடுத்தாலும் அது பேட்டரியின் 13 வோல்ட்டுக்கு இழுத்துவிடும், கால் பங்குக்கு மேல் வீண். இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற, இன்ஜினோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து ஒரு ரிலே, அதாவது தானியங்கி ஸ்விட்ச், மட்டும் வைத்து நேராகக் கொடுத்திருந்தார்கள். லித்தியம் பேட்டரி கிடைத்த கரண்டையெல்லாம் இழுக்கும், மலையில் மெதுவாக ஏறும்போது ஆல்டர்னேட்டர் வெந்துவிடும். நடுவில் கரண்டை அளவோடு விட டிசி டு டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். இன்வெர்ட்டர் மட்டும் சொன்னபடியே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆர்டிஓ விஷயம் தனிக் கதை. வண்டியின் அமைப்பை மாற்ற மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி முன் அனுமதி வேண்டும். "அதை நாங்க பார்த்துக்கறோம்" என்றார்கள், ஒன்றையும் பார்க்கவில்லை. அன்று வால்பாறையில் வண்டி எரிந்திருந்தால் இன்சூரன்ஸ்காரரின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பட்டறைக்குப் போட்டோ, வீடியோ எல்லாம் அனுப்பினேன். முதலில் இண்டக்‌ஷன் ஓட்டியது என் தப்பு என்றார். "தாராளமா ஓடும்" என்ற வாய்ஸ் மெசேஜை அவருக்கே திருப்பி அனுப்பினேன். அப்புறம் பேட்டரி சப்ளையர் ஏமாற்றிவிட்டார் என்றார். கேபிளையும் சப்ளையரா சுத்தியலால் அடித்தார் என்றேன், போனை வைத்துவிட்டார். 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், நடக்கவில்லை. வக்கீல் நோட்டீஸுக்கும் பதில் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஜிஎஸ்டி பில் வேண்டாம் என்றால் விலை குறையும் என்றதற்குத் தலையாட்டியது என் முட்டாள்தனம். இப்போது ஜிபே ரசீதுகளும் வாட்ஸப் பேச்சும்தான் கையில் இருக்கும் ஆதாரம்.

வயரிங்கை முழுக்கப் பிரித்துப் பொள்ளாச்சிப் பெரியவரிடமே கொடுத்தேன். ஸ்டூலில் உட்காரும் முன்பே அவர் கேட்டது, "உள்ள என்னென்னங்க ஓட்டுவீங்க, எத்தனை நேரம்?" ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டார், ஒவ்வொரு கோட்டின் மேலும் கேபிள் சைஸ், ஃபியூஸ் ஆம்ப் எழுதி. இன்வெர்ட்டரைப் பேட்டரி பக்கத்துக்கே நகர்த்தி 70 எம்எம் கேபிள், பேட்டரியிலிருந்து அரைச் சாண் தூரத்தில் 200 ஆம்ப் ஃபியூஸ். பில்லோடு வாங்கிய புதுப் பேட்டரி 23 கிலோ, கடையிலேயே தூக்கி வைத்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் சேர்த்து இன்னொரு 1,38,000. அந்தக் காலண்டர் தாள் இப்போது லேமினேட் ஆகி வேன் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

போன வாரம் பட்டறை ஓனர் கூப்பிட்டார். கூகுளில் நான் போட்ட ரிவ்யூவை எடுத்துவிட்டால் பேசி முடித்துக்கொள்ளலாமாம். என் வண்டிக்குப் போட்ட வயரிங் படத்தை அனுப்புங்கள், அப்புறம் பேசலாம் என்றேன்.

"படம்னா, போட்டோவா சார்?" என்று கேட்டார்.