கால் நாத்தத்துக்குன்னு விக்கறதுல எது உருப்படி, எது வெறும் சென்ட்டு

மொதல்ல முடிவ சொல்லிடறேன், அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பிக்கலாம். அலுமினியம் குளோரைடு 20 சதவீதம் இருக்கற ரோல்-ஆன், வாங்கலாம். முகப்பருவுக்கு விக்கற பென்சாயில் பெராக்சைடு வாஷ், கண்டிப்பா வாங்கலாம், பாட்டில்ல கால்ங்கற வார்த்தையே இருக்காது, கண்டுக்காதீங்க. ஃபுட் ஸ்ப்ரே தண்டச்செலவு. பவுடர் இருந்தா போடுங்க, இல்லேன்னா கவலப்படாதீங்க. வெள்ளி நூல் சாக்ஸுக்கு தனியா ஒரு கத இருக்கு, பின்னாடி வருது.

வேல நேரம் பூரா மூடின ஷூல இருக்கணும், வெளிய வெயில் கொளுத்துது, செருப்பு போட்டா உள்ள விடமாட்டாங்கன்னு இருக்கற ஆளுங்களுக்கு தான் இத எழுதறேன். செருப்பு போட முடிஞ்சவங்க செருப்பு போடுங்க, பாதி பிரச்சன அங்கயே முடிஞ்சிடும், எதையும் வாங்க வேணாம்.

ஸ்ப்ரேய ஏன் இப்படி திட்டறேன்னா, வேர்வைக்கு சொந்தமா நாத்தமே கிடையாது. ரெண்டு பாதத்துலயும் சேத்து சுமார் 2.5 லட்சம் வேர்வ சுரப்பி இருக்குன்னு சொல்வாங்க, அதுல வர்றது பெரும்பாலும் உப்புத்தண்ணி. தோல்ல குடியிருக்கற பாக்டீரியா அந்த ஈரத்துல ஊறின செத்த தோலையும் வேர்வைல இருக்கற லியூசின்ங்கற அமினோ அமிலத்தையும் ஒடச்சு ஐசோவலெரிக் அமிலம்னு ஒன்ன வெளிய விடுது, நமக்கு மூக்க பொத்த வைக்கறது அது தான். லிம்பர்கர்னு ஒரு சீஸ் இருக்கு, அத பழுக்க வைக்கற பாக்டீரியாவும் நம்ம கால் விரலிடுக்குல இருக்கறதும் நெருங்கின சொந்தம். மலேரியா பரப்பற ஒரு கொசு வக அந்த சீஸ் வாசனைக்கும் கால் வாசனைக்கும் ஒரே மாதிரி ஓடி வருதுன்னு பார்ட் நோல்ஸ்னு ஒருத்தர் இன்னொரு ஆளோட சேந்து ஆராய்ச்சி பண்ணி 2006ல இக் நோபல் பரிசே வாங்கிட்டாரு, சிரிக்க வைக்கற ஆராய்ச்சிக்கு குடுக்கற பரிசு அது. ஆக உள்ள ஈரமும் பாக்டீரியாவும் அப்படியே இருக்க மேல புதினா சென்ட்டு அடிக்கறது குப்பத்தொட்டி மேல பூ தூவின கணக்கு தான். நான் வாங்கின ஸ்ப்ரேல ஆல்கஹால் இருந்துச்சு, அடிச்ச ஒடனே ஜில்லுன்னு நல்லா தான் இருந்துச்சு, மத்தியானத்துக்கு மேல புதினாவும் நாத்தமும் கலந்து புதுசா ஒரு வாசன வந்துச்சு பாருங்க, பழைய நாத்தமே பரவால்ல.

இப்ப ரோல்-ஆன். இதுல டியோடரண்ட் வேற, ஆன்டிபெர்ஸ்பிரண்ட் வேற, கடைல ரெண்டும் ஒரே ரேக்ல ஒரே மாதிரி பாட்டில்ல நிக்கும். டியோடரண்ட் நாத்தத்த மறைக்கும் இல்ல பாக்டீரியாவ கொஞ்சம் அடக்கும், வேர்வைய நிறுத்தாது. நமக்கு வேண்டியது ரெண்டாவது, லேபிள்ல அலுமினியம் உப்பு எழுதியிருக்கணும். கக்கத்துக்குன்னு விக்கறதுல பெரும்பாலும் லேசான உப்பு தான் இருக்கும், உள்ளங்கால் தோல் தடிமன்ங்கறதால அது பத்தமாட்டேங்குது, அதனால தான் 20 சதவீதம் அலுமினியம் குளோரைடு. இந்த உப்பு வேர்வ வர்ற குழாய் வாய்ல போயி ஒரு அடப்பு மாதிரி உக்காந்துக்கும், தோல் உரிய உரிய அந்த அடப்பும் போயிடும், அதனால விட்டா திரும்ப வேர்க்கும், அதுக்காக பயப்பட வேணாம்.

போடறதுல தான் எல்லாமே இருக்கு, அட்டைல பொடி எழுத்துல இருக்கறத யாரும் படிக்கறதில்ல. ராத்திரி படுக்கப் போகும்போது போடணும், காலைல கழுவிடணும். காலைல குளிச்சிட்டு போட்டு அப்படியே சாக்ஸ மாட்டினா வேல செய்யாது, வேர்த்துக்கிட்டு இருக்கும்போது உப்பு உள்ள போக வழியில்ல. கால் நல்லா காஞ்சிருக்கணும், விரலிடுக்கு உட்பட, ஏன்னா ஈரத்துல இந்த உப்பு பட்டா கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும், அது தான் சுருக்குன்னு எரியறது. நான் ஃபேனுக்கு நேரா கால நீட்டி வெச்சு காய விட்டுட்டு தான் உருட்டறேன், மொத ஒரு வாரம் தெனமும், வேர்வ கொறஞ்சப்பறம் வாரத்துக்கு ஒன்னு ரெண்டு ராத்திரி. கொறன்னு பாத்தா, மூடிய சரியா மூடலேன்னா பந்து மேல உப்பு படிஞ்சு உருளாம கீறுது, விரலிடுக்குல லேசா அரிக்குது. பித்தவெடிப்பு, புண்ணு, புதுசா ஷேவ் பண்ண எடம், எங்கயும் படக்கூடாது. சுகர் இருக்கறவங்க, கால்ல உணர்ச்சி கொறஞ்சவங்க டாக்டர கேக்காம இதையும் தொடாதீங்க, சுடுதண்ணில கால ஊற வைக்கற வைத்தியத்தையும் தொடாதீங்க, வெந்தாலும் தெரியாது. மத்தபடி 5க்கு 4.

பென்சாயில் பெராக்சைடு வாஷுக்கு 5க்கு 5 போட்டிருப்பேன், ஒரே ஒரு விஷயம் தடுக்குது. துணிய வெளுத்துடும். கால தொடச்ச நீலத் துண்டுல காவி கலர்ல திட்டு திட்டா வந்து நிக்குது, அது போகவே போகாது, வெள்ளத் துண்டு ஒன்ன இதுக்குன்னே ஒதுக்கிடுங்க. குளிக்கும்போது உள்ளங்கால்லயும் இடுக்குலயும் நுரைய தேச்சு, ரெண்டு மூனு நிமிஷம் அப்படியே விட்டு, அந்த நேரத்துல தலைக்கு ஷாம்பு போட்டுக்கலாம், அப்பறம் வழுக்காம நின்னு நல்லா அலசிடணும். ஆக்சிஜன வெளிய விட்டு பாக்டீரியாவ கொல்லுது, ஆன்டிபயாட்டிக் மாதிரி பாக்டீரியா பழகிக்கிட்டு எதுத்து நிக்கற பிரச்சன இதுல இல்ல. தோல் காஞ்சு இழுத்தா ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுங்க.

இந்த எடத்துல ஒன்னு கவனிங்க. சாக்ஸ கழட்டும்போது அது சும்மா வராம உள்ளங்கால்ல ஒட்டிக்கிட்டு பிசுக்குன்னு வருதா, நாத்தம் சாதாரணமா இல்லாம ஆள தூக்குதா, குளிச்சு வந்த ஒடனே குதிகாலையும் விரலுக்கு கீழ இருக்கற மேட்டையும் வெளிச்சத்துல திருப்பி பாருங்க. வெளுத்த தோல்ல குண்டூசி குத்தின கணக்கா குட்டி குட்டி குழி, சில எடத்துல ரெண்டு மூனு குழி சேந்து ஓரம் வளைஞ்சு தெரிஞ்சா அது பிட்டட் கெரடோலைசிஸ்ங்கற பாக்டீரியா தொத்து, தோலோட மேல் அடுக்கையே கரைக்கற என்சைம அந்த பாக்டீரியா விடறதால தான் குழி விழுது. பாக்க பயமா இருக்கும், சரியாகற விஷயம் தான், டாக்டர் கிளின்டமைசின் இல்ல எரித்ரோமைசின் மாதிரி மேல பூசறத எழுதிக் குடுப்பாங்க, கால காய வெச்சாலே பாதி கொறஞ்சிடும். அதே கடைசி ரெண்டு விரலுக்கு நடுவுல வெள்ளையா ஊறி உரிஞ்சு அரிச்சா அது சேத்துப்புண்ணு, பூஞ்ச. அதுக்கு டெர்பினாஃபின் 1 சதவீத கிரீம் மாதிரி பூஞ்சைக்கான மருந்து தான் கேக்கும், மேல சொன்ன ரோல்-ஆன அதுல உருட்டினீங்கன்னா கண்ணுல தண்ணி வரும். அரிப்பு நின்ன அன்னிக்கே கிரீம நிறுத்திடறது எல்லாரும் பண்றது, சொன்ன நாள் முழுக்க போடுங்க.

பவுடர் பத்தி பெருசா சொல்ல ஒன்னுமில்ல. லேசா வேர்க்கறவங்களுக்கு சரி. எனக்கு வேர்க்கற வேர்வைக்கு மதியம் பாத்தா விரலிடுக்குல வெள்ளப் பசையா திரண்டு நிக்குது, அத நோண்டி எடுக்கறது தனி வேல. ஆனா சாயங்காலம் ஷூவ கழட்டினதும் உள்ள கொஞ்சம் சமையல் சோடா தூவி வெச்சா நல்லாவே கேக்குது, சும்மா இல்ல, நாத்தத்துக்கு காரணம்னு மேல சொன்ன ஐசோவலெரிக் அமிலத்த சோடா உப்பா மாத்திடுது, உப்பு ஆவியாகி மூக்குக்கு வராது. காலைல தட்டிட்டு போடுங்க, தோல்ல நேரா தேய்க்காதீங்க, காரம் ஜாஸ்தி.

சாக்ஸ் விஷயத்துல காட்டன் தான் நல்லதுன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு ஒத்துக்க முடியல. காட்டன் வேர்வைய உறிஞ்சும், சரி, உறிஞ்சினத விடாம பிடிச்சு வெச்சுக்கும், மூடின ஷூக்குள்ள ஈரத்துணிய சுத்திக்கிட்டு நடக்கற கத தான். பகல்ல ஒரு தடவ மாத்த முடிஞ்சா காட்டன் போதும். முடியாதவங்களுக்கு ஸ்போர்ட்ஸ் சாக்ஸ், ஈரத்த வெளிப்பக்கம் இழுத்து சீக்கிரம் காயற வக, ஆனா பாலியஸ்டர்ல நாத்தம் பிடிச்சா லேசுல போகாது. மெல்லிசு மெரினோ கம்பளி சாக்ஸ் தான் என் ஓட்டு, வெயில்ல கம்பளியான்னு சிரிக்கறவங்க சிரிக்கட்டும், ரெண்டாம் நாள் கூட அதுல வாட வர மாட்டேங்குது. எதுவா இருந்தாலும் உள்பக்கத்த வெளிய திருப்பி தான் துவைக்கணும், ஃபேப்ரிக் சாஃப்ட்னர் வேணாம், ஈரம் இழுக்கறது போயிடும்.

வெள்ளி சாக்ஸ்: வெள்ளி பாக்டீரியாவ கொல்லுங்கறது பொய்யில்ல. 2008ல அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டில கடைல விக்கற வெள்ளி சாக்ஸ்கள வாங்கி தண்ணில போட்டு அலசி பாத்தாங்க, சிலதுல கொஞ்சம் அலசினதுலயே வெள்ளி மொத்தமும் தண்ணியோட போயிடுச்சு, சிலதுல அப்படியே நின்னுச்சு. நீங்க வாங்கறது எந்த ரகம்னு அட்டைய பாத்து தெரிஞ்சுக்க வழியில்ல. நான் வாங்கினது கொஞ்ச நாள்லயே சாதா சாக்ஸ் ஆயிடுச்சு. 5க்கு 2, அதுவும் எலாஸ்டிக் நல்லா இருக்கறதால.

எல்லாத்தையும் வாங்கிட்டு ஒரே ஷூவ தெனமும் போட்டா எதுவும் நிக்காது. நனைஞ்ச ஷூ ஒரு ராத்திரில காயாது, காத்துலயே ஈரம் இருக்கற எடம்னா சுத்தம். ரெண்டு ஜோடி வெச்சு மாத்தி மாத்தி போடுங்க, ஷூக்குள்ள அடில இருக்கற இன்சோல்ங்கற மெத்தய வெளிய எடுத்து தனியா காய வைங்க. ஷூவ ஃப்ரீசர்ல வெச்சா கிருமி சாகும்னு ஒரு ஐடியா சுத்துது, குளிர்ல பெரும்பாலும் சாகாது, தூங்கும், கால வெச்ச ஒடனே எழுந்துக்கும். கரி இன்சோல் உண்மையாவே நாத்தத்த பிடிச்சு வைக்குது, ஆனா நெறஞ்சதும் வேல முடிஞ்சது, தூக்கி போட்டு புதுசு வைக்கணும். வெதுவெதுப்பான காத்த ஊதற எலக்ட்ரிக் ஷூ டிரையர் நல்ல பொருள், யூவி லைட்டு வெச்ச பொட்டிய விட எவ்வளவோ மேல், லைட்டு மடிப்புக்குள்ள போகாது, காத்து போகும்.

இவ்வளவுக்கும் அடங்காம தரைல தடம் பதியற அளவுக்கு வேர்க்குதுன்னா அயன்டோஃபோரெசிஸ்னு ஒரு மெஷின் இருக்கு, ரெண்டு தட்டுல குழாத்தண்ணி ஊத்தி கால வெச்சா லேசா கரண்ட் போகும், ஒரு தடவைக்கு 20லேந்து 30 நிமிஷம், ஆரம்பத்துல வாரத்துக்கு மூனு தடவ. ஊசி ஊசியா குத்தும், வலின்னு சொல்ல முடியாது. பேஸ்மேக்கர் இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க பக்கத்துலயே போகக்கூடாது. வீட்டுக்குன்னு மெஷின் விக்கறாங்க, ஆனா கிளிக் பண்றதுக்கு முன்ன ஒரு ஸ்கின் டாக்டர்கிட்ட சில தடவ வெச்சு பாத்து கேக்குதான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க, ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்க.